அவர் முன்போல் இல்லை: சுயாதீனப் பாடகியின் பிம்பத்தை மாற்றுவது எது?

கோலாலம்பூரின் சிறிய அரங்குகளில் கிட்டாருடன் உட்கார்ந்து பாடத் தொடங்கிய ஒரு பெண், சில ஆண்டுகளில் பெரிய மேடைக்கு வந்துவிட்டால், தொடக்கத்திலிருந்து அவரைக் கேட்டு வந்தவர்களிடமிருந்து தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: “ஆள் மாறிட்டாங்க.” உடை மாறியது, படங்களில் நிற்கும் விதம் மாறியது, பேட்டியில் பேசும் மொழி மாறியது என்று அந்தக் குறை நீளும். அதே வாரத்தில் அவரை முதன்முறையாகக் கேட்டவர்களோ, எவ்வளவு பாசாங்கற்ற பெண் என்று வியப்பார்கள். ஒரே ஆளைப் பற்றி, ஒரே பாடலை வைத்துக்கொண்டு, இரு தரப்பும் எதிரெதிராகப் பேசுவது எப்படி என்பதே இங்கே விளக்க வேண்டிய புதிர்.

சுருக்கமான விடை இது: மாறுவதில் பெரும்பகுதி பாடகியின் குணம் அன்று, அவருக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே உள்ள தொலைவு. அந்தத் தொலைவு கூடும்போது பிம்பம் வேறு வடிவம் எடுக்கிறது. அதற்குப் பிறகே பணமும் ஒப்பந்தமும் அரசாங்க விதியும் வந்து அதன்மீது கை வைக்கின்றன. இந்த வரிசையைக் கவனிக்காமல் விட்டால், உடையைப் பார்த்து ஒப்பந்தத்தை ஊகிக்கும் தவறு நேர்கிறது.

‘இண்டி’ என்ற சொல்லுக்குள் இருக்கும் இரண்டு பொருள்

‘இண்டி’ என்பது ‘இண்டிபென்டன்ட்’ என்பதன் சுருக்கம். தமிழில் சுயாதீன இசை என்கிறோம். சொல்லின் முதற்பொருள் முழுக்க வணிகம் சார்ந்தது: பெரிய இசை நிறுவனத்தின் முதலீடு இல்லாமல், பாடலை உருவாக்கியவரே பதிவுச் செலவை ஏற்றுத் தாமே வெளியிடுவது. 1977-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, கடன் வாங்கிய பணத்தில் தன் முதல் நான்கு பாடல்களைத் தானே இசைத்தட்டாக வெளியிட்டது இதற்கு அடிக்கடி காட்டப்படும் முன்னோடி.

1980களில் இச்சொல்லோடு இன்னொரு பொருள் ஒட்டிக்கொண்டது. குறைந்த செலவில் பதிந்த ஒலி, மெருகேற்றாத குரல், பழைய துணிக்கடையில் பொறுக்கியது போன்ற உடை, மேடையில் கூச்சம் கலந்த பேச்சு என்று ஒரு தோற்றமே ‘இண்டி’ எனப்பட்டது. முதற்பொருளில் அது உரிமை பற்றிய செய்தி. இரண்டாம் பொருளில் அது ஒரு பாணி. பெரிய நிறுவனத்துடன் கையெழுத்திட்ட ஒருவர் பாணியில் இண்டியாகவே தொடரலாம். தம் பாடல்களின் முழு உரிமையையும் கையில் வைத்திருக்கும் இன்னொருவர் பட்டுச் சேலையும் நகையுமாக மேடையேறலாம். ரசிகர்களின் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் வருபவை.

மலேசியத் தமிழ் இசைக்கு இந்தச் சொல்லைப் பொருத்தும்போது மேலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் சினிமாப் பாட்டுக்கு எதிர்ப்பக்கமாக நின்றுதான் சுயாதீன இசை தன்னை அடையாளம் காட்டிக்கொண்டது. இங்கே அப்படி எதிர்த்து நிற்க ஒரு பெரிய உள்ளூர்த் தமிழ்த் திரையிசைத் தொழில் இருந்ததில்லை. நாம் ‘உள்ளூர்ப் பாட்டு’ என்று சொல்வதில் பெரும்பங்கு, பாடியவரும் நண்பர்களும் கைக்காசைப் போட்டுப் பதிந்து, மின்னல் எப்.எம்., ராகா ஆகிய வானொலிகளுக்கும் யூடியூபுக்கும் கொடுத்ததுதான். ஆகவே நம்மிடையே இண்டி என்பது பெரும்பாலும் தேர்ந்தெடுத்த கொள்கை அன்று. வேறு வழி இல்லாமல் அமைந்த நிலை. கொள்கையாகத் தொடங்காத ஒன்றை ஒருவர் கைவிட்டுவிட்டதாகக் குற்றம் சாட்டும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிம்பத்தைக் கட்டுபவர் யார்

ஒருவரை நேரில் அறியாதவர், கையில் கிடைத்த சில அடையாளங்களை வைத்து அவரைப் பற்றி மனத்தில் கட்டிக்கொள்ளும் உருவமே பிம்பம். பாடகி தருவது அடையாளங்களை மட்டுமே. உருவத்தைக் கட்டுபவர் கேட்பவர். எனவே கேட்பவர்கள் மாறினால், பாடகி ஒரு நூலைக்கூட மாற்றாத நிலையிலும் பிம்பம் மாறிவிடும்.

கற்பனைக்கு ஒரு தமிழ்ப் பாடகியை எடுத்துக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறு மேடை. முன்னால் நாற்பது பேர். அவர் பகலில் கணக்காளராக வேலை பார்க்கிறார் என்பதும், வேலை முடிந்து எல்.ஆர்.டி. ரயில் ஏறி நேராக அங்கே வந்தவர் என்பதும் அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்குத் தெரியும். அலுவலகச் சட்டையோடு அவர் பாடுவது அவர்களுக்கு எந்தச் செய்தியையும் சொல்வதில்லை; அன்று செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். அதே சட்டையில் அவர் பாடிய காணொளி நான்கு இலட்சம் பேரைச் சென்றடையும்போது, சட்டைக்கு ‘எளிமை’ என்ற பெயர் வருகிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு அவர் வேறு உடையில் வந்தால், எளிமையைத் துறந்துவிட்டார் என்றாகிறது. அவர் எளிமையை உடுத்தவே இல்லை, அலுவலகச் சட்டையைத்தான் உடுத்தினார் என்பதைச் சொல்ல அந்தப் பழைய இருபது பேர் போதமாட்டார்கள்.

கேட்பவர் கூட்டம் வளர்வது ஒரே வகையினர் பெருகுவதால் அன்று. அது வளையம் வளையமாக விரிகிறது.

1. முதல் வளையத்தில் பாடகியை நேரில் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அரங்கின் ஒலிபெருக்கி கோளாறு செய்த இரவையும், பாட்டின் நடுவே வரி மறந்து அவர் சிரித்ததையும் அறிந்தவர்கள். இவர்களுக்குப் பிம்பம் தேவையில்லை, ஆளையே தெரியும்.

2. இரண்டாம் வளையத்தினர் பாடலைத் தேடி வந்தவர்கள். நண்பர் அனுப்பிய இணைப்பைத் திறந்து, பிடித்துப்போய், பழைய பாடல்களையும் தேடிக் கேட்டவர்கள். ஆளைத் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள உழைப்பார்கள். அதனால் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையும் இவர்களுக்கே அதிகம். பார்வையாளருக்கும் தோன்றுபவருக்கும் இடையே ஒருபக்கமாக உருவாகும் இந்த நெருக்கத்தை, தொலைக்காட்சி புதிதாக இருந்த 1956-இலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். “ஏமாற்றிவிட்டார்” என்ற சொல் பெரும்பாலும் இந்த வளையத்திலிருந்தே எழுகிறது.

3. மூன்றாம் வளையத்தினரைப் பாடல்தான் தேடி வந்திருக்கிறது: காரில் ஓடிய வானொலி, கல்யாண விருந்தில் ஒலித்த பாட்டு, கைப்பேசி தானாக அடுத்துக் காட்டிய பதினைந்து விநாடித் துண்டு. இவர்களுக்குப் பாடகியின் பெயர்கூட உறுதியாகத் தெரியாது. “அந்தச் சுருட்டை முடிப் பெண்” என்பார்கள்.

மூன்றாம் வளையம் பெருகும்போது அடையாளங்கள் சுருங்கியாக வேண்டும். ஒரு முடியமைப்பு, ஒரு நிறம், அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம், அவ்வளவே அந்தத் தொலைவைக் கடக்கும். தெருக்கூத்தில் அரிதாரம் அத்தனை தடிப்பாகப் பூசப்படுவதற்கும் காரணம் இதுவே. கடைசி வரிசையில் இருப்பவருக்கு விளக்கொளியில் புருவம் தெரிய வேண்டும். முதல் வரிசையில் இருப்பவருக்கு அதே புருவம் மிகையாகப் படும். முதல் வளையத்தினர் குறை சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் அரிதாரத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்கிறார்கள்.

யூனா: மாறாத துணி, மாறிக்கொண்டே இருந்த பொருள்

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1986-இல் அலோர் ஸ்டாரில் பிறந்த பாடகி யூனா, யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு மேடைகளில் பாடினார். பாடல்களை மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றினார். 2008-இல் முதல் சிறு தொகுப்பு வந்தது. 2010-இல் நாட்டின் இசைத்துறை விருதுகள் வந்தன. 2011-இல் அமெரிக்காவின் ஃபேடர் இசை நிறுவனத்துடன் இணைந்தார். அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபாரெல் வில்லியம்ஸ் தயாரித்த பாடல் அந்த ஆண்டிலேயே வெளியானது. 2013-இல் யூனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்த வெர்வ் வழியாக அடுத்த தொகுப்பு, 2016-இல் அமெரிக்கப் பாடகர் அஷருடன் இணைந்து பாடிய பாடல், 2019-இல் இன்னொரு தொகுப்பு, அதன் பின் 2022-இல் மீண்டும் தாமே தம் பாடல்களை வெளியிடும் நிலை. சிறு மேடையிலிருந்து பெரு நிறுவனம் வரை போய், சுயாதீனத்துக்கே திரும்பிய முழு வட்டம் அது.

இந்த வட்டம் முழுவதிலும் அவர் தலையை மூடும் வழக்கத்தை விடவில்லை. கட்டும் விதம் மாறியிருக்கலாம், மூடுவது மாறவில்லை. ஆனால் அந்தத் துணிக்குப் பார்ப்பவர்கள் கொடுத்த பொருளை வரிசையாகப் பாருங்கள். கோலாலம்பூரின் சிறு அரங்கில் முக்காடு அணிந்த மலாய் மாணவி என்பது ஒரு செய்தியே அன்று. கையில் கிட்டார் இருந்ததுதான் புதுமை. நாடறிந்த பாடகியானபோது அதே முக்காடு நாகரிகத்தின் மாதிரியாயிற்று. இளம்பெண்கள் அவர் கட்டும் விதத்தைப் பின்பற்றினார்கள், அவரே உடைக்கடையும் நடத்தினார். அமெரிக்காவுக்குப் போனதும் அவரைப் பற்றிய கட்டுரைகளில் பாட்டுக்கு முன்னால் முக்காடு வந்து நின்றது. அங்கே சந்தித்த சில நிறுவனத்தார் அதைக் கழற்றச் சொன்னதாகவும், தாம் இணங்கவில்லை என்றும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அதே ஆண்டுகளில், கழுத்து தெரியும்படித் தலைப்பாகைபோல் கட்டுவது போதுமான மறைப்பன்று என்ற கண்டனம் உள்நாட்டிலிருந்து வந்தது. ஒரே துணி ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் ஆகிவிட்டது. மாறியது துணியைப் பார்த்த கண்கள்.

அப்படியானால் அவரிடம் எதுவுமே மாறவில்லையா? மாறியது, ஆனால் மாறிய இடம் வேறு. தொடக்ககாலக் கிட்டார்ப் பாட்டிலிருந்து, ஆர் அண்ட் பி எனப்படும் தாளமும் தணிந்த குரலும் கொண்ட இசைக்கு அவர் நகர்ந்தார். விவாதிக்கத் தகுந்த மாற்றம் அது. இசை பிடித்திருக்கிறதா இல்லையா என்று பேசலாம். ஆனால் செவியால் கேட்க வேண்டிய மாற்றத்தைக் கண்ணால் தேடுகிறோம். படம் உடனே கிடைக்கிறது, பாட்டைக் கேட்க நான்கு நிமிடம் வேண்டும்.

சரவாக் மாநிலத்தின் மிரியைச் சேர்ந்த பாடகி ஸீ ஆவி இதற்குச் சற்று வேறான வகை. ஒரு நண்பருக்காக வெப்கேமரா முன் பாடி யூடியூபில் ஏற்றிய காணொளி அவரை அமெரிக்க நிறுவனம் வரை கொண்டுபோய், 2009-இல் தொகுப்பாக வெளிவரச் செய்தது. அறைக்குள் தனியாகப் பாடும் பெண் என்ற முதல் படம் அதன் பிறகும் அவரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. மக்கள் முதலில் கண்ட படமே உண்மையானது என்றும் பின்னால் வந்தவை வேடம் என்றும் நினைக்கும் பழக்கம் இப்படித்தான் உருவாகிறது. முதல் படமும் ஒரு கேமராவுக்கு முன்னால் எடுக்கப்பட்டதே.

வறுமை அடையாளமானால், வெற்றியே குற்றம்

எல்லா அடையாளங்களும் வளர்ச்சியை ஒரே மாதிரி தாங்குவதில்லை. தமிழ் வாசகர் நன்கறிந்த ராப் பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் கதை இதைக் காட்டுகிறது. 1975-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்ச்சூழலில் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகப் போனவர். 2005-இல் எக்ஸ்.எல். என்ற சுயாதீன நிறுவனத்தின் மூலம் முதல் தொகுப்பை வெளியிட்டார். அகதி வாழ்வும் இலங்கைத் தமிழர் நிலையும் அவருடைய பிம்பத்தின் நடுத்தூண்களாயின. அவை பொய்யும் அல்ல.

2010-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அதில் பலர் நினைவில் தங்கியது ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். அரசியல் பேசிக்கொண்டே விலையுயர்ந்த காளான் மணமூட்டிய வறுவலை அவர் சாப்பிட்டதாக எழுதப்பட்டது. அந்த உணவைப் பரிந்துரைத்தவர் கட்டுரையாளரே என்று காட்டும் ஒலிப்பதிவை எம்.ஐ.ஏ. பின்னர் வெளியிட்டார். யார் வரவழைத்த தட்டு என்பது நம் கேள்வி அன்று. ஒரு தட்டு வறுவல் ஒருவருடைய அரசியலைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடிந்தது எப்படி என்பதே கேள்வி.

ஒருவரின் பிம்பம் அவர் வாழும் சூழ்நிலையை அடையாளமாகக் கொண்டிருந்தால், வெற்றி வந்த நாளே அந்த அடையாளத்தைப் பொய்யாக்கிவிடும். தோட்டப்புறத்திலிருந்து வந்த பெண், அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பெண் என்று அறிமுகமாகும் நம் பாடகிகளும் இதே இடத்தில் சிக்குகிறார்கள். கார் வாங்கினால் கேள்வி வரும். சொல்லும் முறை, குரல், பாட்டில் எடுத்துக்கொள்ளும் விஷயம் ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. சம்பளம் உயர்ந்தாலும் குரல் அதே குரல்தான்.

கடலைத் தாண்டுவதா, மொழியைத் தாண்டுவதா

மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 2 மில்லியன் பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 72 மில்லியன். மலேசியாவின் மொத்த மக்கள்தொகை 30 மில்லியனுக்கு மேல். இந்த எண்களே, வளர விரும்பும் மலேசியத் தமிழ்ப் பாடகிக்கு முன்னால் இரண்டு வாசல்களை வைத்துவிடுகின்றன: ஒன்று, தமிழிலேயே இருந்து கடல் தாண்டுவது, மற்றொன்று, இங்கேயே இருந்து மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ தாண்டுவது.

மொழி தாண்டியதற்குப் பினாங்கு தந்த பெரிய எடுத்துக்காட்டு அலிகேட்ஸ் குழு. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று பாடிய அந்தக் குழு, ஆங்கிலப் பாடல்களில் தொடங்கி, 1970களின் பிற்பகுதியிலிருந்து மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டது. சுருண்டு திரண்ட அவர்களுடைய பெரிய முடி, இனம் கடந்து எல்லாருக்கும் நினைவில் நின்ற அடையாளம். அடையாளங்கள் சுருங்கும் என்று மேலே சொன்னது இதைத்தான்: கோடிக்கணக்கான கண்களுக்கு முன்னால் இரண்டு ஆட்கள் இரண்டு முடியமைப்புகளாகிவிடுகிறார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அந்தப் பாடல்கள் இன்றும் மலாய் நண்பர்களின் வீட்டுக் கரோக்கேயில் ஒலிக்கின்றன.

கடல் தாண்டியதற்கு எடுத்துக்காட்டு யோகி பி. 1990களில் பொயெட்டிக் அம்மோ குழுவில் ஆங்கில ராப் பாடியவர், 2006-இல் நட்சத்ரா குழுவுடன் தமிழ் ராப் தொகுப்பை வெளியிட்டு, அதன் பின் தமிழ்நாட்டுத் திரைப்படங்களிலும் பாடினார். ஆண்கள் இப்படித் தாண்டிச் சென்றபோது உடை அதிகம் பேசப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். யோகி பி-யின் தொப்பியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பாடகி என்றால் பொட்டு இருந்ததா என்பது முதற்கொண்டு கேள்வி.

கடல் தாண்டும்போது பிம்பத்தில் முதலில் தேய்வது மொழி. ‘பசியாறுதல்’ (காலை உணவு உண்பது), ‘தாப்பாவ்’ (உணவைப் பொட்டலமாக வாங்குவது), ‘பாசார் மாலாம்’ (இரவுச் சந்தை) என்ற சொற்கள் இங்கே பாட்டில் வந்தால் கேட்பவர் முகம் மலரும். சென்னையில் கேட்பவருக்கு அடிக்குறிப்பு வேண்டும். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் பாட்டு எளிதாகப் பயணம் செய்யும், ஆனால் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் போகும். உடை மாற்றத்தைவிட இந்த மாற்றமே என் கணிப்பில் ஆழமானது. ஆனால் இதைப் பற்றிப் புகார் எழுவது மிக அரிது.

மேடை பெரிதானால் விதியும் வரும்

நாற்பது பேருக்கு முன்னால் பாடுபவரின் உடையை யாரும் அதிகாரபூர்வமாகக் கவனிப்பதில்லை. 2022-இல் புக்கிட் பிந்தாங்கில் திறக்கப்பட்ட ஸெப் அரங்கில் ஏறத்தாழ 2,400 பேர். புக்கிட் ஜாலில் உள்ளரங்கில் 16,000 பேர். அந்த அளவுக்குப் போனால் உரிமம், ஊராட்சி மன்றம், காவல்துறை, விளம்பரதாரர், ஒளிபரப்பு நிலையம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்றபோது, ஏமி, அவீ ஆகிய நாடறிந்த பாடகர்களின் முடியை அப்போதைய தகவல் அமைச்சரே கத்தரித்த காட்சியை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. 2007-இல் அமெரிக்கப் பாடகி க்வென் ஸ்டெஃபானி கோலாலம்பூரில் கையும் காலும் மூடிய உடையில் பாடினார். 2023 ஜூலையில் சிப்பாங்கில் ஒரு பிரிட்டிஷ் குழுவின் மேடை நடத்தையால் இசை விழாவின் மீதி நாட்கள் இரத்தாயின. அதன் பிறகு ஏற்பாட்டாளர்கள் நிகழ்ச்சியை உடனே துண்டிக்கும் வசதி வைத்திருக்க வேண்டும் என்றானது. இத்தகைய சூழலில் ஓர் உள்ளூர்ப் பாடகி பெரிய மேடைக்கு நீண்ட கைச் சட்டையைத் தேர்ந்தெடுத்தால், அது மனமாற்றமா, விளம்பர உத்தியா, ஏற்பாட்டாளரின் வேண்டுகோளா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பணம் எங்கே தொடுகிறது

இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கு வந்தது. ஒரு முறை கேட்டால் இத்தனை சென் என்று அங்கே நிலையான விலை இல்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் சேரும் பணத்தின் ஒரு பகுதியை, மொத்தக் கேட்பில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கின்படி உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், ஓராண்டில் 1,000 கேட்பைத் தொடாத பதிவுக்குப் பதிவுரிமைப் பங்கே கிடையாது. பங்கு முறை என்பதால் நடுத்தர அளவில் கேட்கப்படும் பாடகிக்கு இதில் வீட்டு வாடகை தேறுவது கடினம்.

ஆகவே வருமானம் வேறிடத்தில் தேடப்படுகிறது: தீபாவளிக் கலைநிகழ்ச்சி, கல்யாண விருந்து, நிறுவன இரவு விருந்து, அழகுப்பொருள் விளம்பரம். இவை எல்லாமே பிம்பத்தை விலைகொடுத்து வாங்கும் இடங்கள். பாட்டு அங்கே துணைக்கு வருவது. தீபாவளி மேடைக்குச் சேலையில் வரச் சொல்லும் ஏற்பாட்டாளர் பாடகியின் கலையை அழிக்க நினைப்பவர் அல்லர். முன்வரிசையில் பாட்டியும் பேரப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பதை அறிந்தவர்.

நிறுவனத்துடன் கையெழுத்திட்டவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. பழைய ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் பங்கு இசைத்தட்டு விற்பனையோடு நின்றது. ‘360 பாகை’ ஒப்பந்தம் எனப்படும் பிற்கால முறையில், நிகழ்ச்சி, விளம்பரம், சட்டை விற்பனை உட்படப் பாடகியின் எல்லா வருமானத்திலும் நிறுவனத்துக்குப் பங்கு. அப்படி ஒரு பங்கு இருக்குமானால், பாடகி என்ன உடுத்துகிறார், எந்தப் பொருளோடு நிற்கிறார் என்பதில் நிறுவனத்துக்கு நேரடி அக்கறை பிறந்துவிடும். பிம்பத்தை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்பவர் உண்மையில் படிக்க வேண்டியது இந்த ஒரு பிரிவைத்தான். ரசிகருக்கு அது கிடைக்காது.

படமும் பதிவும் யாருடையவை

‘பிம்பம்’ என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டால், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகிக்கு வியப்பளிக்கக்கூடிய இரண்டு வரையறைகள் உள்ளன.

1. ஓர் ஒலிப்பதிவின் ‘ஆக்கியோன்’ என்பவர் பாடியவர் அல்லர்; அந்தப் பதிவு நடப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தவர். பாட்டின் வரியும் மெட்டும் தனி உரிமை, பாடியவரின் நிகழ்த்துரிமையும் தனி. மாஸ்டர் எனப்படும் மூலப்பதிவோ ஏற்பாடு செய்தவரிடமிருந்து தொடங்குகிறது.

2. ஒளிப்படத்துக்கும் அதே போலத்தான்: படமெடுக்க ஏற்பாடு செய்தவரே ஆக்கியோன். பாடகி தாமே பணம் கொடுத்து ஏற்பாடு செய்த படமும், விழா ஏற்பாட்டாளர் எடுக்கவைத்த படமும் பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும், இரண்டின் உரிமை வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

பாடகியின் பழைய படங்கள் ஏன் திடீரென்று மறைகின்றன, பழைய பதிவுகளை ஏன் மீண்டும் பாடி வெளியிடுகிறார் என்ற கேள்விகளுக்கு, கடந்த காலத்தை மறைக்கிறார் என்பது ஒரு விளக்கம். அவை அவருடையவையாகவே இருந்ததில்லை என்பது இன்னொரு விளக்கம். வியப்பு குறைந்தது, ஆனால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். மேடைப்பெயரை 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய முடியும் என்பதால், பெயரும் இதே கணக்கில் வருகிறது. குழுவாகத் தொடங்கித் தனியாகப் பிரிந்தவர் பெயரை மாற்றிக்கொண்டால், அதற்குப் பின்னால் அகந்தையைத் தேடுவதற்கு முன், பெயரைப் பதிந்தவர் யார் என்று கேட்கலாம்.

இதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பதிப்புரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது. நம் உள்ளூர்த் தமிழ் இசையில் ஏற்பாடுகள் பல, உணவுக்கடை மேசையில் தே தாரிக் எனும் தேநீரோடு வாய்ப்பேச்சாக முடிபவை. தம் அறையில், தம் காசில், தாமே ஏற்பாடு செய்து பதிந்த முதல் பாடலை யாருக்கோ கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் பாடகியிடம், கையெழுத்திட்ட தாள் ஏதும் இல்லையென்றால், அந்த மூலப்பதிவு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.